தாமான்: நடுவிலா, பின்னாலா?

டிக்கோயாவைத் தாண்டி நோர்வூட் பக்கம் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும். எங்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள். ஆனால் ஒருவரும் அதில் இறங்கியதில்லை. "தண்ணிப் பக்கம் போனா காலை ஒடைச்சிருவேன்" என்பது லயத்தில் எல்லா அம்மாமாரும் சொல்கிற ஒரே வசனம். அது தப்பான வசனமும் இல்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊரில் அவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

அப்படி வளர்ந்த எங்கள் வட்டத்தில் ஒருத்தி, கம்பஸுக்குப் போன பிறகு, கொழும்புக்குத் தெற்கே ஓர் ஏரியில் பாய்ப்படகு பழகத் தொடங்கினாள். முதல் நாளே ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டாராம்: "எஸ்டேட் ஆக்களுக்குத் தண்ணின்னா பீலிதானே, உங்களுக்கு எதுக்கு இது?" அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, பழைய மரப்படகு ஒன்றைத் திருத்திப் போட்டிக்குத் தயார் செய்யும் வேலை அவளுக்கும் இன்னொரு மாணவிக்கும் கிடைத்தது. என்டர்பிரைஸ் என்ற வகைப் படகு. அன்று இரவு எங்கள் குழுவுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது: "ஏய், மெயின்ஷீட்ட நடுவுல போடுறதா, பின்னால போடுறதா? ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லணும். நீங்கதானே ஹிஸ்டரி படிக்கிற ஆக்கள், தேடிப் பாருங்க."

நாங்கள் தேடினோம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் கிடைத்தது. அவளுக்குச் சொன்ன பதிலும் கடைசியில் இருக்கிறது.

முதலில் எங்கள் அறியாமையைச் சொல்லிவிடுகிறோம். 'ஷீட்' என்றதும் நாங்கள் எல்லோரும் பாயைத்தான் நினைத்தோம். அது பாய் இல்லை, கயிறு. பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் கம்புக்குப் பூம் என்று பெயர். அந்தப் பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் ஓட்டுபவர் கையில் ஒரு கயிறு இருக்கும். அதுதான் மெயின்ஷீட். இழுத்தால் பாய் படகின் நடுக்கோட்டுக்கு வரும், விட்டால் வெளியே போகும். சுக்கான் ஒரு கையில், இந்தக் கயிறு மறு கையில். சின்னப் படகு ஓட்டுவது என்பது பெரும்பாலும் இவ்வளவுதான் என்கிறார்கள்.

இதற்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மையில் ஆர்வம் பிடித்தது. இருக்கிறது: தாமான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் உண்டு. பக்கத்திலேயே அதன் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். பாயை உயர்த்தும் கயிறு ஆஞ்சான், பாயைத் தாங்கும் குறுக்குக்கம்பு பருமல், பாயின் முன்மூலையை இழுத்துக் கட்டுவது கோசு. தாமான் என்பது பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்த சொல். அங்கே 'தாமன்' என்றால் துணியின் ஓரம், அதாவது முந்தானை. லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கப்பலாட்கள் பேசிய மொழியிலும் இதே சொல்தான். பாயின் முந்தானையைப் பிடித்து இழுக்கிற கயிறு. அரபு, பாரசீக, தமிழ் மாலுமிகள் ஒரே கடலில் ஒருவரோடொருவர் கத்திப் பேசித்தான் இந்தச் சொல் நம்மிடம் வந்திருக்க வேண்டும். காற்றை வேலை வாங்கும் நினைப்பு அதைவிடப் பழசு. கரிகாலனின் முன்னோன் ஒருவன் கடலில் காற்றையே ஏவல் கொண்டான் என்று வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் சொல்கிறார். பாடியவர் ஒரு குயவர் குடிப் பெண் என்பதை எங்கள் தோழிக்கு உடனே எழுதி அனுப்பினோம்.

ஆனால் 'எங்களுக்கு' இந்தக் கயிற்றோடு என்ன உறவு? இங்கேதான் அந்தப் பீலிக்காரர் சொன்னதை மறுபடி யோசித்தோம்.

மலையகத் தமிழர் ஒவ்வொருவருடைய குடும்பத்திலும் யாரோ ஒருவர் பாய்க்கப்பலில் வந்திருக்கிறார், அல்லது நீராவிக் கப்பலில் வந்திருக்கிறார். நடந்தே வர முடியாத தீவு இது. கோப்பிக் காலத்தில், அதாவது 1820களிலிருந்து 1880கள் வரை, இராமநாதபுரக் கரையில் தொண்டி, தேவிபட்டினம் மாதிரித் துறைகளில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது எங்களில் இருவர் சில நாள் கூட நடந்தோம். காட்டுப் பாதை பற்றி, காலரா பற்றி, வழியில் விட்டுப்போனவர்கள் பற்றி நிறையப் பேசினோம். கடல் பற்றிப் பேச்சே வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. வந்தாலும் ஒரே ஒரு பெயர்தான் வரும்: ஆதிலெட்சுமி. 1864இல் 120 தொழிலாளர்களோடு மூழ்கிய கப்பல். எங்கள் நினைவுக் கூட்டங்களில் அந்தப் பெயருக்கு விளக்கேற்றுகிறோம். கடல் நமக்கு மூழ்குகிற இடமாக மட்டுமே நினைவில் இருக்கிறது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. பிறகு பாயின் காலம் எங்கள் ஆட்களுக்கு முடிந்துவிட்டது. மண்டபம் முகாமில் மருத்துவ சோதனை, துண்டு, கப்பல், ரயில். அந்த வழியும் 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு போயிற்று. அதே வருடம் ஒக்டோபரில்தான் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். திரும்பிப் போனவர்களை ஏற்றிக்கொண்டு போனது இராமானுஜம் என்ற கப்பல். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, எங்கள் ஆட்கள் பயணிகள். கயிறு வேறு யாரோ கையில்.

யார் கையில்? அதையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தமிழரே கடலுக்கு அந்நியர் என்று நாமே எழுதிவிடுவோம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அனுப்பி, அது 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் தாமான் பிடித்தவர்களும் தமிழர்கள்தான். ஆனால் வல்வெட்டித்துறை வேறு, வட்டவளை வேறு. அந்தப் பெருமையை அப்படியே தூக்கி எங்கள் தோளில் போட்டுக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, கயிற்றுக்கு வருவோம்.

பழைய சின்னப் படகுகளில் தாமான் பின்னால்தான் இருந்தது. காரணம் லேசானது. கதவைத் தள்ளும்போது பிணைச்சல் பக்கம் தள்ளிப் பாருங்கள், கை வலிக்கும். பிடி இருக்கும் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும். பூமும் ஒரு கதவுதான், பிணைச்சல் பாய்மரத்தில் இருக்கிறது. முனையில் கயிறு கட்டி இழுத்தால் விசை குறைவாகப் போதும். பூமின் நடுவில் கட்டினால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு விசை வேண்டும். நடுவில் இழுத்தால் பூம் வில் மாதிரி வளையும், பழைய மரப் பூம் முறிந்தும் போகலாம். அதனால் படகின் பின்பலகையிலிருந்து பூமின் முனைக்குக் கயிறு போட்டார்கள். படகின் நடுப்பகுதியும் இடைஞ்சல் இல்லாமல் காலியாக இருக்கும்.

இதில் கஷ்டம் என்ன? கயிறு முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. காற்றை நோக்கி வளைந்து வளைந்து போகும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டுபவர் படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவ வேண்டும். பின்னால் தாமான் இருந்தால் பெரும்பாலும் பின்பக்கம் பார்த்துக்கொண்டு தாவ வேண்டும், கயிற்றையும் சுக்கான் பிடியையும் கை மாற்ற வேண்டும். அந்த இரண்டு விநாடி முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. காற்றை முதுகில் வைத்துத் திரும்பும்போது இன்னொரு வம்பு. பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசி அடிக்கும், தளர்ந்த கயிறு பின்பலகையின் மூலையில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் பாயை விட முடியாது. பாயை விட முடியாவிட்டால் படகு கவிழும்.

நடுவில் தாமான் போடுவது என்றால், கயிறு பூமின் நடுப்பகுதியிலிருந்து நேரே கீழே இறங்கி, படகின் தரையில் பதித்த ஒரு கப்பி வழியாகக் கைக்கு வரும். ஓட்டுபவர் முன்பக்கம் பார்த்தபடியே திரும்பலாம். இது நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஏன் முதலிலேயே செய்யவில்லை? நாங்கள் படித்த வரையில் மூன்று பொருள்கள் வந்து சேர வேண்டியிருந்தது.

ஒன்று, அலுமினியப் பூம். வளையாது, முறியாது.

இரண்டு, கிக்கர். பூமின் முன்பகுதியிலிருந்து பாய்மரத்தின் அடிக்குச் சாய்வாக இழுத்துக் கட்டும் ஒரு சின்னக் கப்பித் தொகுதி. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு நாள் ஆனது, ஆனால் முழு வரலாற்றுக்கும் சாவி இதில்தான் இருக்கிறது. பாய்க்கு இரண்டு விதமான இழுப்பு தேவை. பூமைக் கீழே அழுத்தும் இழுப்பு ஒன்று. அது இல்லாவிட்டால் பாயின் பின்னோரம் மேலே திருகிக்கொண்டு காற்றைக் கொட்டிவிடும். பூமை உள்ளே வெளியே நகர்த்தும் இழுப்பு மற்றது. பழைய படகில் இரண்டு வேலையையும் தாமான் ஒன்றே செய்தது. அதனால் அதற்கு முனையின் நெம்புபலம் தேவைப்பட்டது. பலமான கிக்கர் வந்த பிறகு கீழே அழுத்தும் வேலை அதற்குப் போயிற்று. தாமானுக்கு உள்ளே வெளியே மட்டும்தான். வேலை குறைந்த கயிறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

மூன்று, ரட்செட் கப்பி. ஒரு பக்கம் மட்டும் சுலபமாகச் சுழலும், மறுபக்கம் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும். இழுக்கும்போது வழிவிடும், பிடித்துக்கொண்டிருக்கும்போது கையின் சுமையில் பெரும்பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளும்.

கப்பி என்றால் எங்கள் தோட்டங்களுக்குப் புதிதல்ல. மலை உச்சியிலிருந்து கொழுந்துச் சாக்கைக் கம்பியில் தொங்கவிட்டு ஃபெக்டரிக்கு இறக்கிய காலம் பாட்டிமாருக்கு நினைவிருக்கிறது. கப்பியில் ஒரு கணக்கு மாறவே மாறாது: நாலு மடிப்புப் போட்டால் சுமை கால்வாசியாகும், ஆனால் ஒரு மீற்றர் நகர்த்த நாலு மீற்றர் கயிறு இழுக்க வேண்டும். எல்லாப் பலத்துக்கும் கயிற்றில் விலை. போட்டிப் படகில் இது பெரிய விஷயம். மடிப்பு கூடினால் பலசாலி இல்லாத ஆளும் புயல் காற்றில் பிடிக்கலாம். ஆனால் திருப்பத்தில் கயிறு குவியும், மெல்லிய காற்றில் உராய்வினால் பூம் தானாக வெளியே போகாது. ஒவ்வொரு காற்றுக்கும் ஒவ்வொரு மடிப்பு. அதனால் சிலர் காற்று விழுந்த நாளில் ஒரு மடிப்பைக் கழற்றிவிடுவார்கள்.

இந்த மாற்றம் நடந்த காலத்தின் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் பவுல் எல்வ்ஸ்ட்ரொம் 1948 முதல் 1960 வரை நாலு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்றவர். படகுக்கு வெளியே உடம்பைச் சாய்த்துத் தொங்குவதைக் கரையில் பலகை போட்டுப் பழகியவர். வெளியே தொங்குகிறவனுக்குக் கயிறு முன்னாலிருந்து வருவதுதான் வசதி. இன்னொருவர் இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட். கைக்காசு அதிகமில்லாதவர்களும் ஒட்டுப்பலகை வாங்கித் தாங்களே கட்டும்படியாகப் படகுகள் வரைந்தவர். 1949இல் ஜிபி14, 1956இல் என்டர்பிரைஸ். எங்கள் தோழியின் கையில் கிடைத்தது இந்த இரண்டாவது. நாலு மீற்றர் நீளம், நீலப் பாய், இரண்டு பேர்.

அந்த என்டர்பிரைஸின் கதையில் எங்களை நிறுத்தி வைத்த ஓர் இடம் உண்டு. ஒரு பத்திரிகையின் ஆதரவில் வந்த படகு அது. விளம்பரத்துக்காக இரண்டு படகுகள் இரவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் கரைக்குப் போயின. அந்தக் கால்வாயின் ஒடுங்கிய இடம் சுமார் 33 கிலோமீற்றர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30. ஏறத்தாழ ஒரே தூரம். அவர்கள் கடந்தது பத்திரிகைச் செய்தி. எங்கள் ஆட்கள் கடந்ததைக் கங்காணியின் துண்டுக் கணக்கில்தான் தேட வேண்டும். இதைப் படித்த இரவு எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம். "விளையாட்டையும் வயித்துப்பாட்டையும் எப்படிடா ஒண்ணாப் பார்க்கிறது?" என்று ஒருவன். "ஒண்ணாப் பார்க்கல, பக்கத்துல வச்சுப் பார்க்கிறோம்" என்று இன்னொருத்தி. முடிவு வரவில்லை.

இலங்கையிலும் இந்த விளையாட்டு பழையது, ஆனால் யார் விளையாடினார்கள் என்பது தெரிந்த கதை. ரே விஜேவர்தன என்ற பொறியியலாளர் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், அக்கபுல்கோ கடலில், இலங்கைக்காகப் பாய்ப்படகு ஓட்டினார். ஒருவர் மட்டும் ஓட்டும் ஃபின் வகை. 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம். ஃபின் படகில் தாமானுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இழுக்க இழுக்கப் பாய்மரமே பின்னால் வளைந்து பாயைத் தட்டையாக்கும். அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு சில்லு உழவு இயந்திரம், சரிவில் மண் கரையாமல் பயிர் செய்யும் முறை, சீமைக்கிளுவை விறகு என்று அவர் வாழ்நாள் முழுக்க உழைத்தவர். எங்கள் மலைகளின் மண்ணைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் என்ற அளவில் எங்களுக்கு அவர்மேல் மரியாதை.

ஆனால் 1968ஐ நாங்கள் இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் தாத்தா பாட்டிமாரில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். அக்கபுல்கோவில் இலங்கைக் கொடி ஏறிய நாளில், நோர்வூட்டில் பிறந்த ஒருவர் எவ்வளவு நன்றாகத் தாமான் பிடித்தாலும் அந்தக் கொடிக்குக் கீழே நின்றிருக்க முடியாது. அதே காலத்தில்தான் காசல்ரீ அணை கட்டி முடிந்தது, 1965இல். அடுத்து மவுசாகலை. பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போயிற்று, மழை பொய்த்த வருடங்களில் கோயில் இடிபாடு மேலே தெரியும். அப்படியாக எங்கள் வாசலுக்கே தண்ணீர் வந்தது, மின்சாரத்துக்காக. அதில் பாய் விரிக்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் உண்டாக்கிய வாவியும் அப்படித்தான். இப்போது அன்னப்பறவை வடிவில் மிதிபடகு ஓடுகிறது, ஏப்ரல் சீசனில் நாங்களும் காசு கொடுத்து ஏறியிருக்கிறோம். அதில் கயிறு கிடையாது.

சென்னையைப் பார்த்து எங்கள் தோழிக்கு நம்பிக்கை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நேத்ரா குமணன், தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கத்தின் கோடைக்கால முகாமில் சேர்ந்து பழகியவர், 2021இல் டோக்கியோ போனார். பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2024இல் பாரிசுக்கும் போனார். அவர் ஓட்டும் லேசர் வகைப் படகை புரூஸ் கேர்பி 1970 வாக்கில் வரைந்தார். அதில் நடுவா பின்னாலா என்ற சண்டைக்கு ஒரு கெட்டிக்காரப் பதில் இருக்கிறது. இரண்டும். பின்பலகையின் குறுக்கே, சுக்கான் பிடிக்கு மேலாக, ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். அதன்மேல் ஒரு கப்பி இடவலமாக ஓடும். தாமான் அங்கிருந்து பூமின் முனைக்கு ஏறி, பூமின் அடியோடு முன்னால் ஓடி, நடுவில் தரைக்கப்பி வழியாக இறங்கிக் கைக்கு வரும். பலம் முனையில், பிடி நடுவில். குறுக்குக் கயிற்றை மட்டும் தந்திக் கம்பி மாதிரி இறுக்கிக் கட்ட வேண்டும். தொய்ந்தால் கப்பி நடுவிலேயே நின்று பூமைச் சும்மா கீழே அழுத்தும்.

இனி அவளுக்கு நாங்கள் சொன்ன பதில்.

ஏரி உள்நாட்டு ஏரி, சுற்றிலும் மரம். காற்று மெல்லிசு, ஆனால் திடீர் திடீரென்று திசை மாறும், வெக்கை நாளில் பிற்பகல் ஒரு அடி அடிக்கும். திருப்பங்கள் அதிகம். ஆக, முன்பக்கம் பார்த்துத் திரும்புவது அவளுக்கு முக்கியம். படகு பழசு, பூம் மட்டும் அலுமினியம். தரைப்பலகை எப்படி என்று கேட்டோம். "ஒரு இடத்துல கால் வச்சா மெதுவா அமுங்குது" என்றாள். அது எங்களைப் பயமுறுத்தியது. நடுவில் தாமான் போட்டால் முழு இழுப்பும் அந்தத் தரைக்கப்பியைப் பிடுங்கும். படகைத் திருத்தும் ஒரு மூத்த தச்சரிடம் அவள் போய்க் கேட்டபோது அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல முழுப் பாரமும் வேணாம் மகள், பிடுங்கிட்டு வந்துரும்" என்றாராம். முழு நீளத் தண்டவாளமும் அதில் ஓடும் வண்டியும் வைக்கலாம்தான். அதன் விலையைக் கேட்டுவிட்டு இருவரும் பேசாமல் திரும்பினார்கள்.

அதனால் லேசரின் தந்திரத்தை மலிவாகச் செய்யச் சொன்னோம். தாமானின் தொடக்கம் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, பின்பலகையின் இரு மூலைகளிலும் கட்டப்படும். இரண்டும் பூமின் முனைக்கு நேர் கீழே ஒரு வளையத்தில் சேரும். கவட்டைக் கால்களின் நீளத்தைச் சரியாக அளந்தால், பாயை முழுக்க இழுக்கும்போது பூம் நடுக்கோட்டிலேயே நிற்கும், தண்டவாளம் தேவையில்லை. அங்கிருந்து கயிறு பூமோடு முன்னால் வந்து நடுவில் இறங்கும். பாரத்தில் பெரும்பங்கு பின்பலகைக்கு, தரைக்கப்பிக்குக் கொஞ்சம்தான். அந்தக் கப்பியையும் தரைப்பலகையில் பதிக்காமல், நடுப்பலகைப் பெட்டியோடு சேர்த்துப் போல்ட் போடச் சொன்னார் தச்சர். ரட்செட் கப்பிக்கு மட்டும் காசு செலவழி, மற்றதெல்லாம் பழசிலேயே பார்த்துக்கொள் என்றோம். கயிற்றைக் கவ்வும் கொக்கி கப்பியோடு சேர்ந்து வந்தாலும் அதில் கயிற்றை மாட்டாதே என்பதை மூன்று தடவை எழுதினோம். காற்று அடிக்கும்போது தாமானைக் கட்டி வைத்திருக்கும் சின்னப் படகு கவிழ்கிற படகு.

எங்கள் குழுவில் ஒருவன் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "பழைய மாதிரிப் பின்னாலேயே விட்டா ஒரு கப்பி, ஒரு கயிறு, பத்து நிமிஷ வேலை. இது இஸ்டைல்" என்றான். பழகத் தொடங்கும் ஆளுக்கு அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவள் போட்டிக்குப் போகிறாள் என்பதால்தான் நாங்கள் மறுத்தோம்.

படகு ஒக்டோபரில் தண்ணீரில் இறங்கியது. இரண்டாவது ஓட்டத்தில் அந்தப் பிற்பகல் காற்று வந்தது. அவள் கயிற்றை விட்டாள், கை முழுக்க உரசிக்கொண்டு ஓடியது, படகு நிமிர்ந்தது. எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தார்கள்.

தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது நாங்களும் போனோம். அவளுடைய அம்மா பெரட்டுக் களத்திலிருந்து வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னாடி இது?"

"கயிறும்மா. வேகமாப் போயிருச்சு."

"எந்தத் தடிப்பு?"

"எட்டு மில்லிமீற்றர். அதுதான் வெல கம்மி."

அம்மா கையை விடவில்லை. தன் நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு படிந்து படிந்து முடி தேய்ந்த இடத்தை மறுகையால் தொட்டுக் காட்டினார். "கூடைக்கு மெல்லிசுக் கயிறு போட்டா மண்டைய அறுக்கும்னு ஒனக்குத் தெரியாதா? அடுத்த மொற தடிப்பா வாங்கு."